கலைத்துக் கட்டுவதா, காசைக் கொட்டி மோதுவதா? சிகாகோ ஒயிட் சாக்ஸ் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விக்கு ஒயிட் சாக்ஸை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணியும் ஒரு சீசனில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. 2024இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அவற்றில் 41ஐ மட்டும் வென்று 121ஐத் தோற்றது. 1962இல் புதிதாக உருவான நியூயார்க் மெட்ஸ் 120 தோல்விகளுடன் அறுபது ஆண்டுகளுக்கு மேல் சுமந்துகொண்டிருந்த நவீன காலத்தின் மோசமான சாதனை அதோடு கைமாறியது. 121ஆவது தோல்வி செப்டம்பர் 27 அன்று டெட்ராயிட்டில் நேர்ந்தது. அதே ஆட்டத்தை வென்றதன் மூலம் டெட்ராயிட் டைகர்ஸ் பத்தாண்டுகளுக்குப் பிறகு ப்ளேஆஃப் (பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகள்) இடத்தை உறுதி செய்துகொண்டதால், ஒரு பக்கம் வரலாற்றிலேயே கேவலமான அணி தலைகுனிந்து வெளியேற, மறுபக்கம் அதன் பிரிவைச் சேர்ந்த போட்டியாளர்கள் ஆடுகளத்தில் கட்டித் தழுவிக்கொண்டிருந்தார்கள்.

இந்த அணி 2023இல் 101 ஆட்டங்களையும் 2025இல் 102 ஆட்டங்களையும் தோற்றது. ஆனால் இதை எடுத்துக்கொள்வதற்கு அந்த எண்ணிக்கைகள் மட்டும் காரணமில்லை. நட்சத்திர வீரர்களையெல்லாம் விற்று, இளைஞர்களைச் சேர்த்து, பொறுமையாகக் காத்திருந்து, பலனையும் ஓரளவு பார்த்து, பிறகு பத்தாண்டுக்குள் தொடங்கிய இடத்துக்கும் கீழே போய்ச் சேர்ந்த அணி இது. கலைத்துக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும், பணத்தைச் செலவழித்தால் போதும் என்பவர்களும் தத்தம் கட்சிக்கு இதே அணியைச் சாட்சிக்கு அழைக்கலாம்.

மறுகட்டமைப்பு என்று சொல்லும்போது சரியாக என்ன நடக்கிறது?

பேஸ்பாலின் சம்பள முறையைப் புரிந்துகொள்ளாமல் இது புரியாது. மேஜர் லீகுக்குள் நுழையும் இளம் வீரர் முதல் மூன்று ஆண்டுகள் ஏறத்தாழக் குறைந்தபட்ச ஊதியமே பெறுகிறார். 2025இல் அது 7,60,000 டாலர். அடுத்த மூன்று ஆண்டுகளில் நடுவர் முன் வழக்காடும் உரிமை அவருக்கு வருவதால் ஊதியம் படிப்படியாக ஏறுகிறது. ஆறு ஆண்டுகள் முடிந்த பிறகே அவர் ஃப்ரீ ஏஜென்டாகி, விரும்பிய அணியுடன் விரும்பிய விலைக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஆக, ஒரு வீரரின் உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள்தான் அணிக்கு மிகவும் மலிவான ஆண்டுகளும்கூட. முப்பது வயதைத் தாண்டியவருக்குக் கொடுக்கும் பெரும் ஒப்பந்தத்தில் பாதி, அவர் ஏற்கெனவே வேறெங்கோ ஆடி முடித்த ஆட்டத்துக்கான கூலி.

மறுகட்டமைப்பு என்பது ஒப்பந்தம் முடியும் தறுவாயில் உள்ள நல்ல வீரர்களைக் கொடுத்து, ஆறு ஆண்டுக் கணக்கு இன்னும் தொடங்காத மைனர் லீக் (மேஜர் லீகுக்குக் கீழே வீரர்கள் வளரும் லீகுகள்) இளைஞர்களை வாங்கும் பண்டமாற்று. அந்த இளைஞர்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பக்குவப்பட்டால், மலிவான நல்ல அணி ஒன்று சில ஆண்டுகளுக்குக் கையில் இருக்கும்.

கணக்கு எவ்வளவு நுணுக்கமாகப் போகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 172 நாட்கள் மேஜர் லீகில் இருந்தால் அது ஓர் ஆண்டாகக் கணக்கிடப்படும். 2015இல் சிகாகோவின் மற்றோர் அணியான கப்ஸ், தன் இளம் நட்சத்திரம் கிறிஸ் பிரயன்ட்டை ஏப்ரல் 17 அன்றுதான் மேலே அழைத்தது. அந்த ஆண்டு அவர் கணக்கில் சேர்ந்தவை 171 நாட்கள். ஒரே ஒரு நாள் குறைவு. அதனால் கப்ஸ் அணிக்கு அவருடைய ஆட்டம் ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது. அவர் முறையீடு செய்தும் வெல்லவில்லை.

நிறையத் தோற்றால் டிராஃப்டில் முதலிடம் கிடைக்கும் என்பது உண்மைதானா?

முன்பு உண்மை, இப்போது பாதி உண்மை. கல்லூரி, பள்ளி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், முந்தைய ஆண்டு அதிகம் தோற்ற அணிக்கே முதல் வாய்ப்பு என்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு வலுத்ததால், 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் நடக்கிறது. மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு தலா 16.5 சதவீதம்தான். மேலும், வருவாய்ப் பகிர்வில் பணம் கொடுக்கும் பெருநகர அணிகள் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் குலுக்கலில் இடம்பெற முடியாது.

இந்த விதி ஒயிட் சாக்ஸின் தலையில்தான் விடிந்தது. 121 ஆட்டங்களைத் தோற்ற பிறகு வந்த 2025 டிராஃப்டில், முந்தைய ஆண்டே குலுக்கலில் இடம் பெற்றுவிட்ட காரணத்தால், அதற்குக் கிடைத்தது பத்தாவது இடம். அவமானத்துக்கு ஈடாக எதிர்பார்த்த கூலியும் வரவில்லை. 2025 டிசம்பரில் நடந்த குலுக்கலில் அதிர்ஷ்டம் திரும்பி, 2026 டிராஃப்டின் முதலிடம் கிடைத்தது என்பது வேறு கதை. ஆனால் அது 102 தோல்விகளுக்கான பரிசு என்று சொல்வதைவிட, குலுக்கல் சீட்டில் விழுந்த பரிசு என்பதே பொருத்தம்.

முதல் மறுகட்டமைப்பில் ஒயிட் சாக்ஸ் என்ன செய்தது?

2016 டிசம்பரில், லீகின் தலைசிறந்த இடக்கைப் பிட்சர்களில் (பந்து வீசுபவர்களில்) ஒருவரான கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்து யோவான் மொன்காடாவையும் மைக்கேல் கோபெக்கையும் வாங்கியது. மறுநாளே ஆடம் ஈட்டனை வாஷிங்டனுக்குக் கொடுத்து லூகாஸ் ஜியொலிட்டோ உள்ளிட்ட மூன்று பிட்சர்களைப் பெற்றது. 2017 ஜூலையில் ஹோசே கின்டானாவை ஊருக்குள்ளேயே, கப்ஸுக்கு, கொடுத்து எலோய் ஹிமேனஸும் டிலன் சீஸும் வந்தார்கள்.

இவை மோசமான பேரங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஜியொலிட்டோ 2020இல், எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல், நோ-ஹிட்டர் வீசினார். ஹிமேனஸ் முதல் சீசனிலேயே 31 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அடி) அடித்தார். சீஸ் 2022இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பிடித்தார். ஏற்கெனவே அணியில் வளர்ந்துகொண்டிருந்த டிம் ஆண்டர்சன் 2019இல் .335 சராசரியுடன் பேட்டிங் பட்டம் வென்றார். 2018இல் 100 ஆட்டங்களைத் தோற்ற அணி 2020இல் ப்ளேஆஃபுக்குச் சென்றது. 2021இல் 93 வெற்றிகளுடன் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. திட்டம் புத்தகத்தில் எழுதியபடியே நடந்துகொண்டிருந்தது.

பிறகு எங்கே தவறியது?

இதுதான் இந்தப் பக்கத்தின் மையமான கேள்வி என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மலிவான இளைஞர்களால் ஓர் அணியின் பாதியைக் கட்டலாம். மீதிப் பாதியைக் காசு கொடுத்துத்தான் நிரப்ப வேண்டும். மலிவான ஆண்டுகளின் பயனே, மிச்சமாகும் பணத்தை ஓட்டைகளை அடைக்கச் செலவிட முடிவதுதான். ஒயிட் சாக்ஸ் மிச்சம் பிடித்தது. அடைக்க மட்டும் மறுத்துவிட்டது.

2018-19 குளிர்காலத்தில் மேனி மச்சாடோ ஃப்ரீ ஏஜென்டாக இருந்தார். அப்போது அவருக்கு 26 வயது. அவரை ஈர்ப்பதற்காக, அவருடைய மைத்துனர் யோண்டர் அலோன்சோவையும், நெருங்கிய நண்பர் ஜான் ஜேயையும் அணி முன்கூட்டியே சேர்த்துக்கொண்டது. பெண் வீட்டாரை வளைத்துப்போட்டால் சம்பந்தம் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள் போலும். கடைசியில் எட்டு ஆண்டுகளுக்கு 25 கோடி டாலர் என்ற உறுதித்தொகைக்கு மேல் போக மனம் வராமல் நின்றபோது, சான் டியேகோ பத்து ஆண்டுகளுக்கு 30 கோடி என்று சொல்லி அவரைக் கூட்டிச் சென்றது. மைத்துனரும் நண்பரும் மட்டும் அந்த சீசனில் சிகாகோவில் ஆடினார்கள்.

அதன் பிறகு அணி செய்த ஆகப்பெரிய ஒப்பந்தம், 2022-23 குளிர்காலத்தில் ஆண்ட்ரூ பெனின்டென்டிக்குக் கொடுத்த ஐந்து ஆண்டு, 7.5 கோடி டாலர். அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரத்தின் அணி, தன் வரலாற்றில் யாருக்கும் 10 கோடி டாலர் ஒப்பந்தம் தந்ததில்லை.

விளைவு ஆடுகளத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. 2019 டிராஃப்டில் மூன்றாவதாகத் தேர்வான ஆண்ட்ரூ வான் முதல் பேஸில் ஆடுபவர். அங்கே ஹோசே அப்ரேயு இருந்ததால், வானை எல்லைக்கோட்டுப் பக்கமான அவுட்ஃபீல்டில் நிறுத்தினார்கள். இரண்டு சீசன்கள், பழக்கமில்லாத இடத்தில், தலைக்கு மேல் பறக்கும் பந்தைத் துரத்திக்கொண்டு அவர் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அணியின் நிதிக் கொள்கையை யாரும் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. அவுட்ஃபீல்டின் வலப்பக்கமான ரைட் ஃபீல்டுக்கு ஓர் ஆளை வாங்காத மிச்சம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

இதோடு காயங்கள் சேர்ந்துகொண்டன. மொன்காடா, ஹிமேனஸ், லூயிஸ் ராபர்ட் மூவரும் ஒரே நேரத்தில் நலமாக இருந்த மாதங்கள் சொற்பம். 2020 ப்ளேஆஃப் முடிந்ததும் மேனேஜரை (ஆட்டத்தில் அணியை நடத்துபவரை) மாற்றி, 76 வயதான டோனி லா ருஸ்ஸாவைக் கொண்டுவந்தது உரிமையாளர் ஜெரி ரைன்ஸ்டார்ஃபின் சொந்த விருப்பமாக இருந்ததே தவிர, திட்டத்தின் பகுதியாக இருக்கவில்லை. 2022இல் 81 வெற்றி, 81 தோல்வி. அடுத்த ஆண்டு 101 தோல்விகள். ஆகஸ்டில் நிர்வாகத்தின் தலைமை மொத்தமாக வெளியேற்றப்பட்டது. அத்தனை ஆண்டுக் காத்திருப்பில் அந்தத் தலைமுறை ஒரு ப்ளேஆஃப் தொடரைக்கூட வெல்லவில்லை.

அப்படியானால் ஹூஸ்டனும் கப்ஸும் இதே வழியில் பட்டம் வென்றது எப்படி?

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளில் முறையே 106, 107, 111 ஆட்டங்களைத் தோற்றது. 2013 செப்டம்பரில் அந்த அணியின் ஓர் ஆட்டத்துக்குத் தொலைக்காட்சி மதிப்பீடு 0.0 என்று வந்தது. 2017இல் பட்டம். கேட்பவருக்கு நேர்கோடாகத் தெரியும் இந்தக் கதையின் உள்ளே சற்றுக் கிண்டிப் பார்க்க வேண்டும்.

பட்டம் வென்ற அணியின் உயிர்நாடியான ஹோசே அல்டூவேயை, இந்தப் பேரழிவுக்கெல்லாம் முன்பே, 2007இல், வெனிசுலாவிலிருந்து 15,000 டாலருக்கு எடுத்திருந்தார்கள். பட்டத்துக்கான இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸின் சிறந்த வீரராகத் தேர்வான ஜார்ஜ் ஸ்பிரிங்கரும், கலைத்துக் கட்டிய புதிய நிர்வாகம் வருவதற்கு முன் டிராஃப்ட் செய்யப்பட்டவர். தோல்விகளின் நேரடி விளைவாக வந்தவர்களில் கார்லோஸ் கொரியா சோபித்தார். 2013இல் முதலிடத்தில் எடுத்த மார்க் அப்பெல் ஹூஸ்டனுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2014இல் முதலிடத்தில் எடுத்த பிரேடி எய்க்கனுடன் ஒப்பந்தமே முடியவில்லை, அதற்கு ஈடாக மறு ஆண்டு கிடைத்த இடத்தில்தான் அலெக்ஸ் பிரெக்மன் வந்தார். இடையில் ஜே.டி. மார்ட்டினெஸைத் தேவையில்லை என்று விடுவித்தார்கள். அவர் டெட்ராயிட்டில் போய்ப் பெரிய அடிகாரரானார். 2017 ஆகஸ்ட் 31 அன்று பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டரின் பெருஞ்சம்பளத்தை ஏற்றுக்கொண்டு அவரை வாங்கியது பட்டத்துக்கு இன்றியமையாததாக இருந்தது. கேமரா வைத்து எதிரணியின் சைகைகளைத் திருடிய விவகாரம் பின்னால் வெளிவந்து, அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதமும் டிராஃப்ட் இழப்பும் விதிக்கப்பட்டதையும் இந்தக் கணக்கில் ஒதுக்கிவிட முடியாது.

கப்ஸ் இன்னும் தெளிவான பாடம். 2012இல் 101 தோல்வி. 2016இல் 108 ஆண்டுக் காத்திருப்பு முடிந்து பட்டம். ஆனால் அணி எழத் தொடங்கியதும், 2014 டிசம்பரில் பிட்சர் ஜான் லெஸ்டருக்கு ஆறு ஆண்டுகளுக்கு 15.5 கோடி டாலர் கொடுத்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் பென் ஸோப்ரிஸ்டுக்கு 5.6 கோடி; 2016 வேர்ல்டு சீரிஸின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர் அவர்தான். ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே திட்டம். வடக்குப் பக்கத்து அணியான கப்ஸ் விதைத்துவிட்டுத் தண்ணீரும் பாய்ச்சியது.

காத்திருக்காமல் பணத்தைச் செலவழித்து உடனே எழ முடியாதா?

முடியும் என்பதற்கு டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் சான்று. 2021இல் 102 ஆட்டங்களைத் தோற்ற கையோடு, கோரி சீகருக்குப் பத்து ஆண்டுகளுக்கு 32.5 கோடியும் மார்க்கஸ் செமியனுக்கு ஏழு ஆண்டுகளுக்கு 17.5 கோடியுமாக, இரண்டே பேருக்கு 50 கோடி டாலரைக் கொடுத்தார்கள். மறு ஆண்டும் 94 தோல்விகள் வந்தபோது பலர் சிரித்தார்கள். 2023இல் பட்டம், சீகர் வேர்ல்டு சீரிஸின் சிறந்த வீரர்.

முடியாமலும் போகலாம் என்பதற்குச் சான்றுகள் இன்னும் அதிகம். 2023இல் லீகின் மிகப் பெரிய சம்பளப் பட்டியலை வைத்திருந்த மெட்ஸ் 75 வெற்றிகளோடு முடித்தது. சீசன் முடிவதற்குள்ளேயே நட்சத்திரப் பிட்சர்களான மேக்ஸ் ஷெர்சரையும் வெர்லாண்டரையும் விற்றுவிட்டது. 2025இல் ஹுவான் சோட்டோவுக்கு 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தோடு இறங்கிய அதே மெட்ஸ், 83 வெற்றிகள் பெற்றும் ப்ளேஆஃபுக்கு வெளியே நின்றது. லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் நிலைமை பரிதாபம். 2023 ஜூலையில், தன் பெரும் நட்சத்திரம் ஷோஹே ஓட்டானி வெளியேறுவதற்குள் ஒருமுறையாவது முயன்று பார்ப்போம் என்று, ஒயிட் சாக்ஸிடமிருந்து ஜியொலிட்டோவை வாங்கி, இளம் கேட்சர் (பிட்சரின் பந்தைப் பிடிப்பவர்) எட்கர் கெரோவைக் கொடுத்தது. ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் தாங்கியது. தோல்விகள் குவிந்ததால் சம்பளச் சுமையைக் குறைக்க ஜியொலிட்டோவை, எந்த அணியும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெய்வரில் இலவசமாகவே விட்டுவிட்டார்கள். ஓட்டானியும் டாட்ஜர்ஸுக்குப் போய்விட்டார். கெரோ இப்போது சிகாகோவில் ஆடுகிறார்.

சம்பளத்துக்குக் கடுமையான உச்சவரம்பு பேஸ்பாலில் இல்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஐபிஎல் ஏலத்தைப் போல எல்லோர் கையிலும் ஒரே அளவு பணம் கொடுத்து உட்கார வைப்பதில்லை. 2025இல் 24.1 கோடி டாலரைத் தாண்டிய அணிகள் மிகுதித் தொகைக்கு வரி கட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த வரி ஒயிட் சாக்ஸுக்குத் தொலைதூரத்து இடி.

இரண்டுக்கும் நடுவே போனால் என்ன?

நடுவழி என்ற பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் உலவுகின்றன. ஒன்று ஆபத்தானது, மற்றொன்று அறிவார்ந்தது.

ஆபத்தானதை ஒயிட் சாக்ஸ் 2016இலேயே செய்து பார்த்துவிட்டது. அந்த ஆண்டு 23 வெற்றி, 10 தோல்வி என்று பிரமாதமாகத் தொடங்கிய அணி, சரியத் தொடங்கியதும் பதறி, ஜூன் மாதத்தில் வயதான பிட்சர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸை சான் டியேகோவிடமிருந்து வாங்கியது. கொடுத்தவர்களில் ஒருவன், மைனர் லீகில் இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடியிராத 17 வயதுப் பையன். அணி 78 வெற்றிகளுடன் முடித்து, டிசம்பரில் கடையைக் கட்டியது. அந்தப் பையனின் பெயர் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர்; 2021இல் சான் டியேகோ அவனுக்கு 34 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரியாத அணி எதிர்காலத்தை விற்று நிகழ்காலத்தையும் வாங்க முடியாமல் நிற்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் கண்டதில்லை.

அறிவார்ந்ததை அதே பிரிவில் உள்ள கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் செய்து காட்டியது. 2023இல் அது 106 ஆட்டங்களைத் தோற்றது. சிகாகோவைவிட ஐந்து கூடுதல். ஒயிட் சாக்ஸைவிடச் சிறிய நகரம், சிறிய வருவாய். அந்தக் குளிர்காலத்தில் பெரும் நட்சத்திரம் எவர் பின்னாலும் ஓடாமல், சேத் லூகோவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 4.5 கோடி, மைக்கேல் வாக்காவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 3.2 கோடி என்று நம்பகமான நடுத்தர வீரர்களை வாங்கி, தன் சொந்த இளைஞர் பாபி விட் ஜூனியருக்கு 11 ஆண்டுகளுக்கு 28.87 கோடி டாலர் கொடுத்துத் தக்கவைத்தது. இளைஞர்களை விற்றுக் கூட்டம் சேர்க்கவில்லை. செலவானது பெரும்பாலும் காசுதான். 2024இல் 86 வெற்றிகள். ப்ளேஆஃபில் பால்டிமோரை வீழ்த்தியது. அதே 2024இல்தான் ஒயிட் சாக்ஸ் 121 தோற்றது. பன்னிரண்டு அணிகளுக்கு ப்ளேஆஃப் இடம் கிடைக்கும் இன்றைய முறையில், 86 வெற்றிகள் ஒரு வாசலைத் திறக்கப் போதும் என்பதை மறுகட்டமைப்பின் தீவிர ஆதரவாளர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

மறுகட்டமைப்பு உண்மையானதா, வெறும் செலவுக் குறைப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேஜர் லீக் சம்பளப் பட்டியலைப் பார்த்தால் தெரியாது. இரண்டும் அங்கே ஒன்றுபோலத்தான் இருக்கும். பயிற்சியாளர்கள், ஆய்வாளர்கள், வெளிநாட்டுத் தேடல் போன்ற, டிக்கெட் வாங்குபவர் கண்ணில் படாத இடங்களில் பணம் போகிறதா என்று பார்க்க வேண்டும். டிராஃப்டில் உயர்ந்த இடத்தை மட்டும் நம்பும் அணிக்குக் கிடைப்பது சீட்டு. சீட்டைப் பணமாக்குவது வளர்ப்பு. 2015இலிருந்து 2019 வரை ஒவ்வோர் ஆண்டும் ஒயிட் சாக்ஸ் முதலாவதாக எடுத்த கார்சன் ஃபுல்மர், ஸாக் காலின்ஸ், ஜேக் பர்கர், நிக் மாட்ரிகல், ஆண்ட்ரூ வான் ஆகிய ஐவரில் ஒருவர்கூட அந்த அணிக்குத் தூணாகவில்லை. வான் 2025 ஜூனில் மில்வாக்கிக்குப் போன சில வாரங்களிலேயே வெளுத்து வாங்கத் தொடங்கியது, பழுது மண்ணிலா விதையிலா என்ற கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியாது. மறுபக்கம், டெட்ராயிட்டின் டாரிக் ஸ்கூபல் 2018 டிராஃப்டின் ஒன்பதாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். 2024இலும் 2025இலும் சை யங் விருது அவருக்கே.

2025இல் ஏதாவது மாற்றம் தெரிந்ததா?

102 தோல்விகளுக்கு நடுவே ஒரு காட்சி மட்டும் நம்பிக்கை தந்தது. 2021இன் முதல் சுற்றில் எடுத்த ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) கோல்சன் மான்ட்கோமரி, மைனர் லீகின் மேல்மட்டத்தில் பந்தைத் தொட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். ஏப்ரல் இறுதியில் அவரை ஆட்டத்திலிருந்து விலக்கி, அரிசோனாவில் உள்ள பயிற்சி வளாகத்துக்கு அனுப்பினார்கள். பால்டிமோரிலிருந்து கொண்டுவரப்பட்டிருந்த பேட்டிங் இயக்குநர் ரயன் ஃபுல்லர், அங்கே அவரோடு தனியாக நின்று மட்டை வீச்சைச் சரிசெய்தார். ஜூலையில் மேஜர் லீகுக்கு வந்தவர் 71 ஆட்டங்களில் 21 ஹோம் ரன் அடித்தார். ஒரு நட்சத்திரத்தின் ஒரு மாதச் சம்பளத்துக்கும் குறைவான செலவில் நடந்த வேலை இது.

இன்னொருவர் ஷேன் ஸ்மித். மற்ற அணிகள் காக்கத் தவறிய மைனர் லீக் வீரர்களை எடுத்துக்கொள்ளும் ரூல் 5 டிராஃப்டில், மில்வாக்கியிடமிருந்து ஒரு லட்சம் டாலருக்கு வந்த பிட்சர். 2025இல் லீகின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்.

பிட்சர் கேரட் க்ரோஷேவை விற்றது சரியா?

பேரமாகப் பார்த்தால் சரி. 2024 டிசம்பரில் அவரை பாஸ்டனுக்குக் கொடுத்து, கேட்சர் கைல் டீல் உள்ளிட்ட நான்கு இளைஞர்களை வாங்கினார்கள். டீலும் சேஸ் மைட்ராத்தும் 2025இலேயே மேஜர் லீகில் ஆடினார்கள். ஆனால் பாஸ்டன் சில மாதங்களில் க்ரோஷேவுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 17 கோடி டாலர் கொடுத்துவிட்டது. தன்னிடம் வளர்ந்த 25 வயதுப் பிட்சரைத் தக்கவைப்பது பற்றி யோசிக்கக்கூட முடியாத அணி, டீலும் மான்ட்கோமரியும் அந்த நிலைக்கு வரும்போது என்ன செய்யப்போகிறது என்று ரசிகர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ரசிகர் எத்தனை ஆண்டுகள் பொறுக்க வேண்டும்?

டெட்ராயிட் 2017இல் கலைத்தது. 2024இல்தான் ப்ளேஆஃப் வந்தது. பால்டிமோர் 2018இலிருந்து நான்கு சீசன்களில் மூன்றில் 100க்கு மேல் தோற்று, 2023இல் 101 வென்று, ப்ளேஆஃபில் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் வெளியேறி, 2025இல் மறுபடியும் 87 தோல்விகளுக்கு இறங்கியது. எட்டு வயதில் அப்பாவின் கையைப் பிடித்து மைதானத்துக்கு வந்த குழந்தை உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் காலம் இது. 2024 செப்டம்பரில் சிகாகோ மைதானத்தில் அணியை விற்றுவிடும்படி உரிமையாளரை நோக்கி முழக்கமிட்டவர்கள் பொறுமை இல்லாதவர்கள் அல்லர். ஒருமுறை முழுதாகப் பொறுத்து முடித்தவர்கள்.

உரிமையாளர் மாறினால் தீருமா?

1981இலிருந்து அணி ரைன்ஸ்டார்ஃப் வசம் இருக்கிறது. 2025 ஜூனில் அறிவிக்கப்பட்ட உடன்பாட்டின்படி, முதலீட்டாளர் ஜஸ்டின் இஷ்பியா 2029க்கு முன் கட்டுப்பாட்டை ஏற்க வழியில்லை. அதுவரை இருப்பவரோடுதான் குடும்பம் நடத்த வேண்டும்.

சரி, இப்போது ஒயிட் சாக்ஸ் என்ன செய்ய வேண்டும்?

இளைஞர் யாரையும் கொடுத்து வயதானவரை வாங்கக் கூடாது, அது 2016. பெரும் நட்சத்திரத்துக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் கொடுக்கும் வேளையும் இன்னும் வரவில்லை. சுற்றி ஆள் இல்லாத நட்சத்திரம் ஏஞ்சல்ஸில் மைக் ட்ரவுட் ஆண்டுக்கணக்கில் இருந்தது போலத் தனியாக நிற்பார். செய்ய வேண்டியது கேன்சஸ் சிட்டி செய்தது: இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் நடுத்தரப் பிட்சர்கள் இருவரும், ரைட் ஃபீல்டில் பிறந்து வளர்ந்த ஒரு ரைட் ஃபீல்டரும். அவர்கள் சோபித்தால் அணி எழும். எழாவிட்டால் ஜூலையில் அவர்களையே விற்று மேலும் இளைஞர்களை வாங்கலாம். இழப்பு பணம் மட்டுமே.

2025 டிசம்பரில், ஜப்பானில் 2022இல் 56 ஹோம் ரன் அடித்த முனெடாக்கா முராகாமியை இரண்டு ஆண்டுகளுக்கு 3.4 கோடி டாலருக்கு எடுத்தது இந்த வகைச் செலவுதான் என்பதால், அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்த ஒப்பந்தத்தை வைத்து மட்டும் நிர்வாகத்தை நம்பிவிட மாட்டேன். மான்ட்கோமரிக்கும் டீலுக்கும் இன்னும் விலை ஏறாத நிலையில், கேன்சஸ் சிட்டி விட் ஜூனியருக்குக் கொடுத்ததைப் போன்ற ஒரு காகிதத்தை அவர்கள் முன் வைக்கிறார்களா, அதில் 10 கோடியைத் தாண்டிய ஓர் எண் முதல் முறையாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.